கயாக்குக்கு ஏற்ற கட்டைத் தூண்டில் தடி

சென்ற இதழில் பழைய தையல் இயந்திரத்தைத் துப்புரவாக்கும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த மனுரேவா வாசகர் ஒருவர் தொலைபேசியில் எடுத்து வேறொன்று கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போகேக்கை ஒரு கயாக்கை எங்களிட்டை விட்டிட்டுப் போட்டார். மகன் மீன் பிடிக்கப் போகவேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிற்கிறான். கடையிலை தடி விலை பார்த்தால் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. நாங்களே ஒண்டு செய்யேலாதோ?"

செய்யலாம். நாம் இதுவரை மூன்று தடிகள் செய்திருக்கிறோம். முதலாவது இரண்டாம் நாளே முறிந்தது. இரண்டாவதைக் கடல் கொண்டுபோயிற்று. மூன்றாவதுதான் இன்றும் கராஜ் சுவரில் தொங்குகிறது. முதலிரண்டும் ஏன் போயின என்று தெரிந்துகொண்டால் மூன்றாவதைச் செய்வது பெரிய வேலையல்ல.

கயாக் என்றதும் பயப்படவேண்டாம். இங்கு மீன்பிடிக்குப் பெரும்பாலும் பாவிப்பது கால்களை உள்ளே நுழைத்து இருக்கும் வகையல்ல. மேலே ஏறி இருக்கும் பிளாஸ்ரிக் வகை. தட்டில் விழும் தண்ணீர் துளைகளால் தானே கீழே இறங்கிவிடும். குருநகர் ஐயா ஒருவர் எங்கள் வீட்டு முற்றத்தில் அதைக் கண்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது எங்கடை கட்டுமரமெல்லோ? மரத்துக்குப் பதிலாய்ப் பிளாஸ்ரிக்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆங்கிலேயர் எங்களிடம் 'கட்டுமரம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டுபோய் இரட்டைத் தோணிக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் தண்ணீர் ஏறினாலும் தாழாத, ஏறியவரை நனையாமல் திரும்பவிடாத அந்தக் குணம் இந்தக் கயாக்கிடம்தான் இருக்கிறது.

ஐயாவின் அடுத்த கேள்வி: "இதுக்குத் தடி என்னத்துக்கு? தங்கூசியும் விரலும் காணாதோ?" வள்ளத்தில் காணும். கயாக்கில் ஆள் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கால்களை நீட்டிக்கொண்டு இருக்கிறார். கைத்தூண்டிலை இழுத்தால் ஈரத் தங்கூசி மடியில் குவியும், காலில் சுற்றும், துடுப்பிலும் மாட்டும். பெரிய மீன் திடீரென்று பக்கவாட்டில் இழுத்தால் அந்த இழுவை முழுவதும் கைக்கும் கயாக்கின் ஓரத்துக்கும் வரும். தடி இருந்தால் அது வளைந்து இழுவையை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை எங்களுடன் வந்து கைத்தூண்டில் போட்டுப் பார்த்த ஐயா, திரும்பிக் கரைக்கு வந்ததும், "சரி, உங்கடை தடியைக் காட்டு" என்றார்.

இனி எங்கள் முறிந்த தடிக்கு வருவோம். அது காபன் தடி. கரையில் நின்று தூர எறிவதற்கான நீளத் தடி ஒன்றை இரண்டு மீற்றராக வெட்டினோம். காபன் பாரம் குறைந்தது, விறைப்பானது, கையில் எடுத்தால் சந்தோசமாக இருக்கும். ஆனால் கயாக்கில் மீன் பக்கத்துக்கு வந்து நேர் கீழே மூழ்கும்போது, இருக்கிற மனிதர் வேறு வழியின்றித் தடியை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கப் பிடிப்பார். அப்போது தங்கூசி நுனியிலிருந்து நேரே கீழே இழுக்கும். தடியின் அடியும் நடுவும் வளையாமல், பாரம் முழுவதும் நுனியில் ஒரு சாண் நீளத்தில் விழும். கஹவாய் ஒன்று அப்படி மூழ்கியது. வெடி மாதிரி ஒரு சத்தம். கையில் இருந்தது அரைத் தடி.

ஆகவே பைபர் கிளாஸ் தடி தேடுங்கள். 1940களின் பிற்பகுதியில் மூங்கிலுக்குப் பதிலாகக் கடைக்கு வந்த பொருள் இது. 1970களில் காபன் வந்ததும் பழசாகிப் போயிற்று என்று பலர் ஒதுக்கினார்கள். கொஞ்சம் பாரமானது, எறியும்போது மந்தமானது. கயாக்கில் நாம் தூர எறியத் தேவையில்லை, மீன் இருக்கிற இடத்துக்கு நாமே போய்விடுகிறோம். அளவுமீறி வளைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் குணம்தான் வேண்டும், அது கிளாஸுக்கு உண்டு. உடைந்த தடி என்றால் முறிந்த வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது தேன் நிறம் என்றால் கிளாஸ், கறுப்பு என்றால் காபன். மேலே பூசிய வர்ணத்தை நம்பவேண்டாம்.

உடைந்த தடி எங்கே கிடைக்கும்? ஓட்டாராச் சனிக்கிழமைச் சந்தையில் நிலத்தில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களுக்குள் பாருங்கள். தருமக் கடைகளின் பின் மூலையில் பாருங்கள். தெருவில் யாராவது வள்ளம் வைத்திருந்தால் கேளுங்கள். தடி முறிந்தவர் அதை எறிய மனமின்றி வைத்திருப்பார், கேட்டால் தந்துவிடுவார். நாங்கள் கேட்ட எவரும் இல்லையென்று சொன்னதில்லை. பேச்சுத் துணையும் கிடைக்கும். எங்கே மீன் கடிக்கிறது என்ற செய்தியை மட்டும் உடனே சொல்லமாட்டார்கள். நுனியில் ஒரு கைச்சாண் முறிந்த தடிதான் மிக நல்லது. வாங்குமுன் பஞ்சை அதன்மேல் ஓட்டுங்கள். வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டும். கிளாஸில் குறுக்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே அடிபட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடி கிளாஸ்தான். அதில் நாங்கள் விட்ட பிழை அடிப்பிடியில். வள்ளத்துத் தடிகளுக்கு றீலுக்குக் கீழே நீண்ட பிடி இருக்கும். நின்றுகொண்டு கமக்கட்டுக்குள் செருகுவதற்கு அது. அதை வெட்டாமல் அப்படியே கொண்டுபோனோம். வெய்மவுத் படகுத்துறைக்கு அப்பால், மீன் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஓட, தடியைத் திருப்பினோம். பிடியின் அடி உயிர்காப்பு அங்கியின் பைக்குள் கொழுவிக்கொண்டது. இழுத்துவிட உடம்பைச் சரித்த அந்தக் கணத்தில் கயாக் கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் மனுகாவ் சேற்றில் கால் புதைந்தால் இடுப்பளவு தண்ணீரும் போதும். அங்கி இருந்தபடியால் மிதந்தோம். தடியும் இரவல் றீலும் போயிற்று. றீலின் சொந்தக்காரருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தோம். மலிவாகச் செய்த தடி அப்படி விலையாகிப் போனது.

அதிலிருந்து இந்த அளவைப் பிடித்துக்கொண்டோம். முழு நீளம் 2 மீற்றர் அளவில். றீலுக்குக் கீழே 25 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். முழங்கை வரை எட்டினால் போதும். இன்னும் கட்டையாகச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். மீன் கயாக்கின் அடியால் மற்றப் பக்கம் ஓடினால், தடியின் நுனியை அணியத்தைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விடவேண்டும். நுனி அணியத்துக்கு எட்டாவிட்டால் தங்கூசி பிளாஸ்ரிக்கில் உராய்ந்து அறும்.

வெட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. நுனியிலிருந்து வெட்டினால் தடி விறைக்கும். அடியிலிருந்து வெட்டினால் மென்மையாகவே இருக்கும். எனவே நுனியில் முறிந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச நீளத்தை அடியில் குறையுங்கள். குறட்டால் நெரித்து முறிக்கவேண்டாம். வெட்டும் இடத்தில் ஒட்டுநாடா சுற்றி, இரும்பறுக்கும் மெல்லிய வாளால் தடியை உருட்டி உருட்டி அறுங்கள். ஈரத் துணி வைத்து, முகமூடி போட்டு, வெளியே நின்று செய்யவேண்டும். அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கூடாது, தோலில் பட்டால் இரண்டு நாளைக்குச் சொறியும்.

பழைய வளையங்களைக் கழற்ற, வளையத்தின் பாதத்துக்கு மேலே நூலை பிளேட்டால் கீறுங்கள். தடியின் மேல் கீறக்கூடாது, அந்தக் கீறலில்தான் பிறகு முறியும். நுனி வளையத்தை நெருப்புக் குச்சியால் இளஞ்சூடாக்கித் திருகினால் பசை இளகிக் கழன்றுவிடும். நல்லதாக இருக்கும் வளையங்களை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெடித்த வளையம் தங்கூசியை அறுக்கும். பஞ்சை உள்ளே ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

றீல் பூட்டும் குழலைக் கடையில்தான் வாங்கவேண்டும். அதன் உட்துளை தடியைவிடப் பெரிதாக இருக்கும். தடியில் ஒட்டுநாடாவை வளையம் வளையமாக, இடைவெளி விட்டுச் சுற்றிக் குழல் இறுக்கமாக ஏறும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளிகளை அரல்டைற்றால் நிரப்பிக் குழலை ஏற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். ஒரு நாள் எடுக்கும் வகைதான் உப்புத் தண்ணீரில் நிலைக்கும். பிடிக்கு நாங்கள் பாவித்தது மகனின் பழைய கிரிக்கெற் மட்டையின் இறப்பர் உறை. முதலில் கயிறு சுற்றித் தடிப்பாக்கி, அதன்மேல் உறையை உருட்டி ஏற்றினோம். ஈரக் கையிலும் வழுக்காது. மகன் முதலில் கோபப்பட்டான், பிறகு தன் தடிக்கும் அதையே கேட்டான்.

வளையங்கள் வைக்கும் இடம்தான் தடியின் உயிர். கீழே தொங்கும் சாதாரண றீலுக்கு நாங்கள் வைத்த அளவு, நுனியிலிருந்து சென்ரிமீற்றரில்: 10, 22, 36, 53, 72, 94, 120. அதாவது ஏழு வளையம், நுனி வளையம் வேறு. றீலுக்குக் கிட்டவுள்ளது மிகப் பெரியது, போகப் போகச் சிறுக்கும். இதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்து, தங்கூசியைக் கோத்து, நுனியில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். தங்கூசி தடியின் வளைவோடு ஒழுங்காகப் போகவேண்டும். ஓரிடத்தில் மட்டும் வில்லின் நாண்போல நேராகத் தூர விலகினால், அங்கே வளையங்களைக் கிட்டக் கொண்டுவாருங்கள். மேலே இருத்தும் உருளை றீல் என்றால் வளையங்களும் மேலே; அதற்குத் தங்கூசி தடியில் முட்டாதபடி இன்னும் ஒன்றிரண்டு கூட வேண்டும்.

தடிக்கு முதுகெலும்பு பார்க்கவேண்டும் என்று புத்தகங்களில் இருக்கும். அடியை வழுக்கும் தரையில் ஊன்றி, நடுவை அழுத்தி உருட்டினால் ஓரிடத்தில் தானாக நிற்கும், அதுதான் முதுகெலும்பு. பார்த்தால் நல்லதுதான். ஆனால் ஐந்து டொலர்த் தடிக்கு அதில் நித்திரை முழிக்கத் தேவையில்லை. வளையங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதுதான் முக்கியம்.

நூல் சுற்றுவதற்குத் தடியில் கட்டும் விசேட நூல் விற்கிறார்கள். வீட்டிலுள்ள பொலியெஸ்ரர் தையல் நூலும் போதும். மட்டைப் பெட்டியின் இரு பக்கமும் வெட்டு வெட்டித் தடியைக் கிடத்துங்கள். நூற்கட்டையைக் கோப்பைக்குள் போட்டு, நூலைத் தடித்த புத்தகமொன்றின் பக்கங்களுக்கு நடுவால் கொண்டுவந்தால் இழுவிசை தானாகக் கிடைக்கும். வளையப் பாதத்தின் முனையை அரத்தால் மெலிதாக்காவிட்டால் நூல் ஏறாமல் குதிக்கும். கடைசி எட்டுச் சுற்றுக்கு முன் தங்கூசித் துண்டு ஒன்றை மடித்து வைத்து, அதன் மேலாகச் சுற்றி முடித்து, நூல் நுனியை அந்த மடிப்புக்குள் விட்டு இழுத்தால் முடிச்சில்லாமல் பூட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வளையத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்த குருநகர் ஐயா கதிரையை இழுத்துப் போட்டார். வலை பொத்திய கை. போர்க்காலத் தடைகளால் கடலுக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த மனிதர், இங்கு வந்தும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதைத் தவிர வேறு வேலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஏழு வளையமும் தேநீர் ஆறுமுன் முடிந்தது. நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல், அச்சடித்த மாதிரி. இப்போது அவரிடம் தடி கட்டக் கொடுப்பவர்கள் எம்மவர் மட்டுமல்ல. எங்கள் தெருவின் சமோவாக் குடும்பத்தவர் ஒருவரும் கொண்டுவந்தார்.

நூலின்மேல் பூசும் இரண்டு போத்தல் எபொக்சியைச் சம அளவில் எடுங்கள். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாச் சிறிஞ்சு அதற்கு நல்லது, ஆனால் திரும்பக் குசினிக்குள் போகக்கூடாது. கையுறை போடுங்கள், யன்னலைத் திறவுங்கள். பூசியபின் தடியைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்து தொங்கும். முதலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறுதலாக, இரண்டு மூன்று மணித்தியாலம். பழைய படம் ஒன்று போட்டுக் குடும்பமாக மாறி மாறித் திருப்பினோம். யூலை மாதத்து ஈரக் குளிரில் எபொக்சி இறுகுவதற்குச் சோம்பல்படும். வழியாத நிலைக்கு வந்தபின் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் நிறுத்திவைத்தால் மறுநாள் கல்லாகிவிடும்.

இரண்டு வேலை மிச்சம். ஒன்று, றீலுக்கு மேலே ஒரு கயிற்றுக் கண்ணி வைத்து நூலால் கட்டிப் பூசுங்கள். அதில் சுருள் கயிறு கொழுவிக் கயாக்கில் பூட்டினால் கவிழ்ந்தாலும் தடி போகாது. கயிற்றை ஒருபோதும் உங்கள் உடம்பில் கட்டவேண்டாம், ஒரு கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இரண்டாவது, தடியில் நிறநூலால் இரண்டு மெல்லிய கோடு, நடுவில் சரியாக 27 சென்ரிமீற்றர் இடைவெளி. கிழக்குக் கரைக்கும் போவதென்றால் 30இல் இன்னொன்று.

அது ஏன் என்று சொல்லவேண்டும். இங்கு கடலில் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் அளவும் எண்ணிக்கையும் உண்டு, இடத்துக்கு இடம் மாறும். மனுகாவ் துறைமுகம் மேற்குக் கரையோடு சேர்ந்தது. இங்கே ஸ்னாப்பர், எங்கள் விளைமீனின் சாயலுள்ள மீன், குறைந்தது 27 சென்ரிமீற்றர், ஆளுக்கு நாளொன்றுக்கு 10. கிழக்கே வைத்தமாட்டாப் பக்கம் 30 சென்ரிமீற்றர், 7 மட்டும். மூக்கிலிருந்து வால் பிரியும் கவர் வரை அளக்கவேண்டும், வால் நுனி வரை அல்ல. கிங்ஃபிஷ் என்பது அறுக்குளா அல்ல, வேறு மீன். 75 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விடவேண்டும். விதிகள் மாறுவதுண்டு, போகுமுன் எம்.பி.ஐ. அமைச்சின் மீன்பிடி விதிச் செயலியைக் கைத்தொலைபேசியில் பாருங்கள். பிடித்த மீனை விற்பதோ, சாமானுக்கு மாற்றுவதோ குற்றம். அயலவருக்கு இரண்டு மீன் கொடுக்கலாம், காசு வாங்கக்கூடாது. பரிசோதகர்கள் மறித்தால் பதற்றப்படவேண்டாம், அவர்கள் எவருடைய பையையும் பார்ப்பவர்கள். எங்களில் சிலருக்குச் சீருடை கண்டால் நெஞ்சு இடிக்கும். தடியிலுள்ள கோட்டைக் காட்டி மீனை அதன்மேல் வைத்தால் கதை முடிந்துவிடும்.

எங்கள் மூன்றாவது தடிக்கு முடிந்த கணக்கு: தடி 5 டொலர், குழலும் குறைந்த வளையங்களும் பசைகளும் சேர்த்து 40க்குச் சற்றுக் கூட. மிஞ்சிய காசை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது உயிர்காப்பு அங்கிக்குரிய காசு. தடி பழையதாக இருக்கலாம், அங்கி புதிதாக, உங்கள் நிறைக்கு அளவானதாக இருக்கவேண்டும். அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவைப்பது அணிந்ததாகாது. எங்களில் பலர் கடலுக்குக் கிட்டப் பிறந்தும் நீந்தத் தெரியாதவர்கள்.

மனுகாவ் பார்வைக்குக் குளம் மாதிரி. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே மூன்று மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. வற்றினால் பெரும்பகுதி சேற்றுத் தரை, நடுவே வாய்க்கால்கள் மட்டும். வற்றத் தொடங்கியபின் இறங்கினால் திரும்ப வழியிராது. வற்றுப் பெருக்கு நேரத்தை ஒனஹங்கா அட்டவணையில் பாருங்கள். வைத்தமாட்டாவின் நேரம் சில மணித்தியாலம் வேறுபடும், அதைப் பார்த்துப் போய் மாட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஊரில் சோழகம் என்போமே, அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் இங்கும் ஆட்சி. பின்னேரம் அது எழும்பி வற்றை எதிர்த்தால் குட்டை அலைகள் எழும். காலையில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்புங்கள். துறைமுக வாய்ப்பக்கம் போகவே வேண்டாம். 1863 பெப்ரவரி 7ஆம் திகதி 'ஓர்ஃபியஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் அந்த மணல்திட்டில் மோதி 189 பேர் இறந்தார்கள். நியூசிலாந்துக் கரையில் அதைவிடப் பெரிய கப்பல் விபத்து இன்றுவரை இல்லை. கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். ஆபத்தென்றால் 111, வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசை.

கயாக் இல்லாதவர்கள் மனம் தளரவேண்டாம். மாங்கரேயில் 1915இல் கட்டிய பழைய பாலம் 2018இல் மூடப்பட்டு, 2022 ஓகஸ்ட்டில் அதன் இடத்தில் 'நா ஹவ் மாங்கரே' என்ற நடைபாலம் திறக்கப்பட்டது. மீன் பிடிப்பவர்கள் நிற்பதற்கென்றே அதில் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே கட்டைத் தடி உதவாது, நீளத் தடி வேண்டும். அதை இன்னொரு முறை எழுதுவோம்.

எங்கள் கராஜில் நுனி முறிந்த கிளாஸ் தடி இரண்டு இருக்கின்றன. வேண்டிய குடும்பத்தவர்கள் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நூல் சுற்றப் பழக விரும்பும் பிள்ளைகளைச் சனிக்கிழமை பின்னேரம் கூட்டிவரச் சொல்லி ஐயா சொன்னார்.